சாயங்கால இட்லி

விஜயம் அத்தை தன் அண்ணா பிச்சுமணியின் முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, கன்னம் எல்லாம் சுத்தமாகிவிட்டது. கீழுதட்டுக்கு அடியில், இரண்டு நாள் நரைத்தாடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சோற்றுப் பருக்கை மட்டும் வரமாட்டேன் என்றது. காய்ந்து கல்லாகியிருந்தது. அத்தை துணியை வைத்துவிட்டு நகத்தால் சுரண்டினாள்.

"எப்போடி சாப்டான்?"

"மத்தியானம்" என்றாள் ராஜஸ்ரீ. "ஒரு மணி இருக்கும். ரசஞ்சாதம்."

"ஒரு மணிக்குச் சாப்ட பருக்கையா இது? இப்படிக் காஞ்சு கெடக்கு."

"ஏசி ரூமாக்கும் அத்தை. எல்லாம் காஞ்சுடும்."

அத்தை பிச்சுமணியின் வலது கையை எடுத்து மார்பின்மேல் மடக்கி வைக்கப் பார்த்தாள். கை மடங்கவில்லை. மூன்று மணிக்கு மேல் போன உடம்பு நாலரைக்குள் இப்படி விறைக்குமா என்று அத்தைக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலைந்து சாவு வீடுகளில் முன்னால் நின்றவள் அவள். ராஜஸ்ரீயை ஒரு பார்வை பார்த்தாள். ராஜஸ்ரீ ஏசி ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அத்தை, "எல்லாம் இந்த எழவெடுத்த ஏசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து நூலால் கட்ட ஆரம்பித்தாள்.

உண்மை என்னவென்றால் பிச்சுமணி காலையிலேயே போய்விட்டார். அத்தை வருவதற்குச் சற்றுமுன்தான் பின் தெரு டாக்டர் கிருஷ்ணகுமார் வந்து பார்த்துவிட்டுப் போனார். இமையைத் தூக்கிப் பார்த்தார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், முழங்கையை அசைத்துப் பார்த்தார். "இது இப்போ நடந்ததில்லை மோளே. காலையிலேயே போயாச்சு. எட்டோ ஒம்பதோ, அதுக்கு மேல இல்லை. நீ அப்போ எங்கே இருந்தே?" என்று கேட்டார்.

"தூங்கிண்டிருந்தேன் டாக்டர். எனக்கு நைட் ஷிஃப்ட்."

"சாரமில்லை, வருத்தப்படாதே. உறக்கத்திலே போயிருக்கார். நல்ல மரணமாக்கும்."

சீட்டில் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். ராஜஸ்ரீ அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பக்கத்து அறையில் அப்பா செத்துக் கிடக்க, நடுவில் ஒற்றைச் சுவர் வைத்து, பகல் முழுக்க இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். எழுந்து பல் தேய்த்து, இட்லி வேகவைத்து, டிகாஷன் இறக்கி, தட்டோடு உள்ளே போய், "அப்பா, விடிஞ்சாச்சு, எழுந்துக்கோங்கோ" என்றும் சொல்லியிருக்கிறாள். இதை வெளியே சொன்னால் வலியசாலைத் தெருவே காறித் துப்பும். அதனால்தான் அத்தையிடம் மூன்று மணிக்கு மேல் என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு என்ன விடியல் என்று யாரும் கேட்பார்கள். அந்த வீட்டில் ஏழு மாதமாக அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

ராஜஸ்ரீக்குக் கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைப் பற்றி அங்கே உள்ளவர்களோடு போனில் பேச வேண்டும். அவர்களுடைய பகல் இவளுக்கு ராத்திரி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் தூங்க வேண்டுமே. பிச்சுமணி மின்சார வாரியத்தில் கணக்குப் பார்த்து ரிடயரானவர். மனைவி போனபின் பேச ஆள் இல்லாமல் தவித்தவர். பெண் கண்ணயர்ந்தால் போதும், வாசல்படியில் வந்து நின்று "ராஜீ, கறிகாய்க்காரன் வந்திருக்கான்", "ராஜீ, மழை வரது, துணி காயறது" என்று எழுப்புவார். ராத்திரியில் அவள் போனில் வெள்ளைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் இருட்டில் எழுந்து நடந்து, கூடத்துத் தூணில் முட்டிக்கொள்வார். போன ஆனியில் விழுந்து இடுப்பில் அடியும் பட்டது.

அப்புறம் ஆடி மாதத்தில் ஒருநாள் தற்செயலாக அது நடந்தது. அன்றைக்கு அவள் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது சாயங்காலம். வெளியே மழை இருட்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் மத்தியானத்திலிருந்து தூங்கியிருந்தார். சமைக்க நேரமில்லை. காலையில் மிஞ்சிய இட்லியை ஆவியில் காட்டி, மிளகாய்ப் பொடி வைத்து, காபியோடு கொண்டு போய் நீட்டினாள். பிச்சுமணி கண்ணைத் திறந்தார். இட்லியைப் பார்த்தார். காபியை மோந்து பார்த்தார். "பல் தேய்ச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனார். திரும்பி வந்து, சாப்பிட்டு, பேப்பர் எங்கே என்று கேட்டார்.

"என்ன இன்னிக்கி இன்னும் விடியவே இல்லை" என்றார், ஜன்னலைப் பார்த்து.

"மழைக்காறு அப்பா" என்றாள் ராஜஸ்ரீ. வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

அவருக்குக் கண்ணில் புரை. பேப்பரில் கொட்டை எழுத்து மட்டும் தெரியும், சுவர்க் கடிகாரம் தெரியாது. வெளிச்சமும் அரைகுறை. இட்லியும் காபியும் வந்தால் காலை. ரசஞ்சாதமும் மோர்சாதமும் சுட்ட பப்படமும் வந்தால் ராத்திரி. அறுபது எழுபது வருஷமாக வயிறு படித்த பாடம் அது. அதை ராஜஸ்ரீ புரிந்துகொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ரசம் வைத்தாள். சீரகமும் மிளகும் தட்டிப் போட்ட ரசம். பிச்சுமணி கையை வழித்து நக்கி, தண்ணீர் குடித்து, "படுக்கையைப் போடறியா" என்று கேட்டார். போட்டாள். சாயங்காலம்வரை அப்படி ஒரு தூக்கம்.

அன்றிலிருந்து அப்பாவும் பெண்ணும் காலையில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுப் படுப்பார்கள், சாயங்காலம் பலகாரம் சாப்பிட்டு எழுவார்கள். அவருடைய மத்தியானச் சாப்பாடு நடுராத்திரியில், அவளுடைய வேலைக்கு இடையில் கிடைக்கும் ஓய்வில். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டாள். காலைப் பேப்பரை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்து அந்தியில் கொடுத்தாள். கோவிலில் சாயங்காலத் தீபாராதனை மணி அடித்தால் விடிகாலை நிர்மால்ய பூஜை என்றாள். பூணூல் போட்ட நாளிலிருந்து ஒருநாள் தவறாமல் உதய சூரியனுக்கு அர்க்கியம் விட்ட மனுஷர், ஏழு மாதமாகத் தெரு விளக்குக்கு விட்டார். பாவி, அதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் பிழைப்புக்குச் செய்தாள் என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை.

அவளுடைய தம்பி கேசவ் வித்துராவில் பேங்க் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குக் காரில் வருவான். வாசல் சாவி ஒன்று அவனிடமும் இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். கட்டில் பக்கத்து நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போவான். முதல் ஞாயிற்றுக்கிழமை, 'சாயங்காலம் வாடா, அப்போதான் முழிச்சிருப்பார்' என்று சொல்லத்தான் நினைத்தாள். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கேசவ் செருப்பை மாட்டிக்கொண்டே, "குழந்தை மாதிரி தூங்கறார் அக்கா. உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அல்லோ" என்றான்.

வாயை மூடிக்கொண்டாள். கஷ்டமில்லையாம். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள், ஆத்தில் சும்மா இருக்கிறவள், அவளுக்கு என்ன கஷ்டம்.

அன்று அந்தியில் பிச்சுமணி இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னிக்கி ஞாயித்துக்கிழமையோன்னோ? கேசவன் வருவானோ?" என்று கேட்டார்.

"வரலாம்" என்றாள்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை ராத்திரியெல்லாம் நீண்டு, திங்கள் விடியலில் ரசஞ்சாதத்தோடு முடிந்தது. "வரலையே" என்றார். "வரலைப்பா" என்றாள். பொய்யே இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய பிறகு கேசவ் வரவில்லைதானே.

பிறகு தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, பிடித்துப் போயிற்று. ஏனென்றால் அந்தக் கிழவர் கண் விழித்தால் முதல் கேள்வி கேசவன் வந்தானா. இட்லி வைத்தவளை, கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனவளை, நீ சாப்பிட்டாயா என்று ஒருநாள் கேட்டதில்லை. அவர் "வரலையே" என்று முகம் சுண்டும்போது ராஜஸ்ரீக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. மார்கழியில் அவர் கேட்பதை நிறுத்தினார். திட்ட ஆரம்பித்தார். தை பிறந்ததும் ஒருநாள் இருட்டியபின், கோவிலிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்த அத்தையிடம், "கார்த்தால வந்துட்டியே விஜயம்" என்று வரவேற்று, உட்காரவைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"கேசவன் எட்டிப் பாக்கலை. அவன் கையால நேக்குக் கொள்ளி வேண்டாம். ராஜி போடட்டும். இல்லைன்னா நீ யாரையாவது வச்சுப் பண்ணு. அவன் தொடப்படாது."

ராஜஸ்ரீ அடுக்களையில் நின்று கேட்டாள். அப்போதுகூட அவள் வெளியே வரவில்லை.

இப்போது அந்தச் சொல் அத்தையின் மடியில் இருக்கிறது. அத்தை அதை எப்போது அவிழ்ப்பாள், அவிழ்த்தால் கேசவ் என்ன கேட்பான், அவன் கேட்டால் ஏழு மாதமும் வெளியே கொட்டிவிடுமே. கால் கட்டைவிரலில் முடிச்சுப் போடும் அத்தையின் முதுகைப் பார்த்தபடி ராஜஸ்ரீ அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போன துக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கேசவும் அவன் மனைவி பத்மப்ரியாவும் வந்தார்கள். பழவங்காடியில் காரை நிறுத்தி வாங்கிய ரோஜா மாலையைக் கொண்டு வந்து போட்டான். விழுந்து அழுதான். எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

"காலம்பறகூடப் பாத்துட்டுப் போனேனே. நன்னா தூங்கிண்டிருந்தார். காலைத் தொட்டேன், ஜில்லுன்னு இருந்தது. ஏசி ஜாஸ்தியாப் போச்சுன்னு போர்வையை இழுத்துக் கழுத்துவரைக்கும் மூடிட்டு வந்தேன். கடைசியா என் கையால அதாவது பண்ணினேனே."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ராஜஸ்ரீ தூணைப் பிடித்துக்கொண்டாள். அவனும் அறியாமல் ஒரு பிணத்துக்குப் போர்வை போர்த்திவிட்டு, அதன் பக்கத்தில் அரைமணி நேரம் போனைப் பார்த்திருக்கிறான். அதைத் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான். ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பத்மப்ரியா வந்து அணைத்துக்கொண்டாள்.

வாத்தியார் வந்து செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். "எத்தனை மணிக்குப் பிராணன் போச்சு?"

"மூணுக்கு மேல" என்றாள் ராஜஸ்ரீ.

வாத்தியார் முகம் மலர்ந்தது. "மத்தியானத்தோட தசமி போயிடறது. மூணு மணின்னா சுத்த ஏகாதசி. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல எடுத்தா துவாதசியில தகனம். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது? மகா புண்ணியாத்மா உங்கப்பா."

ஏகாதசி, ஏகாதசி என்று கூடம் முழுக்கப் பரவிற்று. கேசவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். இனி வருஷா வருஷம் பிச்சுமணியின் திதியை அவர் சாகாத நாளில் கொடுப்பார்கள். மணியை மாற்றிச் சொன்னபோது ராஜஸ்ரீ இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. பொழுதைத்தான் புரட்டிப் போட்டாள் என்றால், செத்த நாளையும் புரட்டிப் போட்டாயிற்று.

மறுநாள் உச்சி சாய்ந்ததும் பாடையைக் கட்டினார்கள். உடம்பைக் குளிப்பாட்டி, புது வேஷ்டி சுற்றி, விபூதி பூசிக் கிடத்தியிருந்தது. வாத்தியார் கேசவின் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தைப் போடப் போனார். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"வாத்தியாரே, கொஞ்சம் நில்லுங்கோ. நேக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா நேக்குத் தூக்கம் வராது."

வாத்தியார் பவித்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அண்ணா என்கிட்ட சொல்லியிருக்கான். கேசவன் கொள்ளி வைக்கப்படாதுன்னான். அவன் எட்டியே பாக்கலை, அவன் கை நேக்கு வேண்டாம்னான். இவளும் கேட்டுண்டுதான் இருந்தா."

கேசவ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "நானா? நான் வாரா வாரம் வந்தேனே அத்தை. இந்தத் தெருவே பாத்திருக்கே."

"கார் நிக்கறதைப் பாத்திருக்கோம்" என்றார் எதிராத்து மாமா. "ஞாயித்துக்கிழமை தவறினதில்லை. அதை மறுக்கப்படாது."

"அப்போ அண்ணா ஏன் அப்படிச் சொல்லணும்? அவன் என்ன பொய் சொல்றவனா?"

எல்லாரும் ராஜஸ்ரீயைப் பார்த்தார்கள். பிச்சுமணி மட்டும் மூக்கில் பஞ்சோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க ஒரு கணக்குத் தப்பாத மனுஷர் அவர். பிள்ளை வந்ததை ஒருநாளும் அவர் கண்டதில்லை. அவர் கண்டதைத்தான் சொன்னார். அதைச் சொல்ல ஒரே ஒருத்தி இருந்தாள்.

"அப்பாவுக்கு ஓர்மை, ஞாபகமெல்லாம் போயிடுத்து அத்தை" என்றாள் ராஜஸ்ரீ. "கொஞ்ச நாளாவே அப்படித்தான். சாயங்காலத்தைக் காலம்பறன்னு சொல்லுவார். இட்லி சாப்பிட்டுட்டுப் பேப்பர் கேப்பார். இருட்டுல அர்க்கியம் விடுவார். கேசவன் வந்துட்டுப் போனா, வரலைன்னுவார். உங்களுக்கெல்லாம் சொல்லிக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு இருந்தேன்."

அத்தை யோசித்தாள். அவள் முகம் மெல்ல இளகிற்று. "ஆமாண்டி. அஸ்தமிச்சப்புறம் போனா, கார்த்தால வந்துட்டியேன்னு என்னையே கேப்பான். நான் வாய் தவறிச் சொல்றான்னு இருந்துட்டேன். பாவம், புத்தி பேதலிச்சா இருந்தது?" புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ பைத்தியம் சொன்னதை நான் வேதவாக்கா வச்சுண்டிருந்தேன். மன்னிச்சுக்கோடா கேசவா. நீதான் போடணும்."

முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் பிச்சுமணியைப் பைத்தியமாக்கி, பாடையில் ஏற்றிவிட்டார்கள். கேசவ் பவித்திரத்தை விரலில் வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அக்காவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். நன்றியாக இருக்கும் என்று ராஜஸ்ரீ எடுத்துக்கொண்டாள். தைக்காட்டு மயானத்துக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். வேண்டாம் என்று சொன்னவரின் நெஞ்சில் அந்தக் கையே நெருப்பை வைத்தது.

அன்று அந்தி. எல்லாரும் குளித்துவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள். பத்மப்ரியா தலைவலி என்று மாடியில் படுத்துவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று எதிராத்திலிருந்து தூக்கில் இட்லி வந்தது. காரியம் செய்கிறவன் பத்து நாளும் ஒரு வேளைதான் சாதம் சாப்பிடலாம், ராத்திரி பலகாரம்தான், காரம் கூடாது, சர்க்கரையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடட்டும் என்று அத்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கேசவ் வெறும் மேலோடு தரையில் உட்கார்ந்தான். ராஜஸ்ரீ இலையில் நான்கு இட்லி வைத்தாள். அவனுக்கு நல்ல பசி. குனிந்த தலை நிமிராமல் இரண்டைத் தின்றான்.

"மத்தியானம் நன்னா சொன்னே அக்கா" என்றான்.

"எதை?"

"சாயங்காலத்தைக் காலம்பறன்னு சொல்லுவார்னு." இட்லியைச் சர்க்கரையில் புரட்டினான். "நான் ஒரு தடவை சாயங்காலம் வந்திருக்கேன். ஓணத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. காலம்பற வந்துட்டுப் போனப்புறம் ஈஸ்ட் ஃபோர்ட்ல ஒரு வேலை இருந்தது. திரும்பற வழியில இங்கே வந்தேன். ஜன்னல்ல திரை கொஞ்சம் விலகியிருந்தது. அப்பா இட்லி சாப்டுண்டிருந்தார். இன்னிக்கி கேசவன் வருவானோன்னு உன்கிட்ட கேட்டார். வரலாம்னு சொன்னே."

ராஜஸ்ரீயின் கையில் இருந்த சர்க்கரை டப்பா அப்படியே நின்றது.

"அப்போவே புரிஞ்சுடுத்து. வரச்சேல்லாம் ஆத்துல ரச வாசனை அடிக்கும். பத்து மணிக்கு என்ன ரசம்னு முன்னாலேயே நெனச்சிருக்கேன்."

"உள்ளே வரலையே நீ."

"செருப்பைக் கழட்டினேன். மறுபடி மாட்டிண்டேன்."

"ஏன்டா?"

"முழிச்சுண்டிருந்தா பேசணுமே அக்கா. என்னை வித்துராவுக்கு அழைச்சுண்டு போடான்னுவார். முன்னாலேயே ரெண்டு தடவை கேட்டாச்சு. பத்மாவுக்கு அது சரிப்படாது. மாட்டேன்னு அவர் முகத்தைப் பாத்துச் சொல்லணும். தூங்கறவர் ஒண்ணும் கேக்க மாட்டார்." மூன்றாவது இட்லியைப் பிட்டான். "உன்மேல எனக்கு தேஷ்யமோ கோபமோ ஒண்ணும் இல்லை. நீ பண்ணினது எனக்குச் சவுகரியமாத்தான் இருந்தது. ரெண்டு பேருக்கும் சவுகரியம்."

ஏழு மாதமாக இவனிடமிருந்து அப்பாவைப் பறித்துவிட்டோம் என்று ராஜஸ்ரீ நினைத்திருந்தாள். பயந்தாள், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள், மத்தியானம் அவனுக்காக அப்பாவையே காட்டிக் கொடுத்தாள். இவனோ வேண்டாமென்று ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவள் பறித்தது முழுக்க அந்தக் கிழவரிடமிருந்து. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மனுஷரிடமிருந்து. அப்போதுதான் அவளுக்கு அப்பா செத்துப்போனது உறைத்தது. ஆனால் இவன் முன்னால் அழ அவளுக்கு மனசில்லை.

கேசவ் தண்ணீர் குடித்தான். "எப்படியோ போ. கடைசி நாள் அரைமணி நேரம் அவர் பக்கத்துல இருந்தேன். மூச்சு சீரா வந்துண்டிருந்தது. நிம்மதியாத் தூங்கினார். அந்தத் திருப்தி ஒண்ணு போதும் எனக்கு."

"கேசவா" என்றாள்.

"உம்."

"நேத்திக்கு நீ வரச்சே அப்பா போயாச்சு."

அவன் நிமிர்ந்தான். விரல்களுக்கு நடுவில் இட்லித் துண்டு இருந்தது.

"டாக்டர் சொன்னார். காலம்பற எட்டு, ஒம்பது மணிக்கே போயாச்சாம். நான் பக்கத்து ரூம்ல தூங்கிண்டிருந்தேன். நீ வந்தே, உக்காந்தே, போர்வையைப் போத்தினே. மூச்செல்லாம் ஒண்ணும் வரலை."

தெருவில் ஒரு ஆட்டோ ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. கேசவ் தன் வலது கையைப் பார்த்தான். சர்க்கரை ஒட்டியிருந்தது.

"அப்போ ஏகாதசி?"

"தசமி."

அவன் மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வாத்தியார்ட்ட சொல்லியாச்சு. தெரு முழுக்கச் சொல்லியாச்சு. இனிமே மாத்தப்படாது."

"மாத்தலை" என்றாள் ராஜஸ்ரீ.

அவன் கையிலிருந்த துண்டை வாயில் போட்டு மென்றான். தண்ணீர் குடித்தான். இலையில் இருந்த நாலாவதையும் மெதுவாகத் தின்று முடித்தான்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

"ஒண்ணு மதி, போறும்" என்றான்.

அவள் தூக்கின் மூடியைத் திறந்து, உடையாத ஒன்றாகப் பார்த்து எடுத்து அவன் இலையில் வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டாள்.